எடையும் சர்க்கரையும் சேர்ந்து இறங்குமா? கணக்கிடும் வழிகளில் எதைத் தேர்வது?

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்களுக்கு உணவு, உடற்பயிற்சித் திட்டம் ஒன்றை வகுக்கும் மருத்துவர் முன்னால் ஒரு கேள்வி வரும். எடையை மட்டும் பார்த்தால் போதுமா, ரத்தச் சர்க்கரையையும் சோதிக்க வேண்டுமா? எடை இறங்கினால் சர்க்கரையும் இறங்கிவிடும் என்று சொல்பவர்கள் நிறைய. சென்னையில் நடந்து 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு இந்த நம்பிக்கையை அசைத்தது. 531 பேரை வைத்து நடந்த அந்த ஆய்வில் வாழ்க்கைமுறை மாற்றம் நீரிழிவு வரும் வாய்ப்பை 28.5 சதவீதம் குறைத்தது. ஆனால் எடை சொல்லும்படி குறையவில்லை. எனவே பல ஆய்வுகளைச் சேர்த்து மெட்டா பகுப்பாய்வு செய்பவர் இரண்டு அளவுகளின் ஒட்டுறவைக் கணக்கிட்டே அறிய வேண்டும்.

முதலில் எந்த ஒட்டுறவு வேண்டும் என்று முடிவெடுங்கள். எடை குறைந்த தொழிலாளிக்குச் சர்க்கரையும் குறைந்ததா என்பது ஒன்று. எடையை அதிகம் குறைத்த ஆய்வுகள் சர்க்கரையையும் அதிகம் குறைத்தனவா என்பது வேறு. இரண்டும் எதிரெதிர்த் திசையிலும் போகலாம். அமெரிக்க மாநிலங்களின் சராசரிகளில் குடியேறியவர்களின் பங்குக்கும் எழுத்தறிவின்மைக்கும் எதிர்மறை ஒட்டுறவு இருந்தது. தனிமனிதர்களிடம் பார்த்தபோது அது நேர்மறையாக இருந்தது. இதை 1950-இல் சமூகவியலாளர் ராபின்சன் காட்டினார். ஆய்வுச் சராசரிகளிலும் இதே ஆபத்து உண்டு.

தனிமனித ஒட்டுறவுதான் வேண்டுமென்றால், ஆய்வுகள் தந்த ஒட்டுறவுக் கெழுக்களை ஃபிஷரின் இசட் மாற்றத்துக்கு உட்படுத்திச் சேர்ப்பது எளிய வழி. ஆனால் தொடக்க நாளில் எடுத்த எடை, சர்க்கரை அளவுகளின் கெழுவையும், இரண்டிலும் ஏற்பட்ட மாற்றங்களின் கெழுவையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். திட்டத்தின் பலனைப் பற்றிய கேள்விக்கு மாற்றங்களின் கெழுவே பதில் சொல்லும்.

ஆய்வுகளுக்கிடையிலான ஒட்டுறவு வேண்டுமென்றால், ஒரு விளைவை மற்றொன்றின் மேல் வைத்து மெட்டா தொடர்புப்போக்கு வரைவது பலரின் வழக்கம். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். எடை மாற்றத்தையும் பிழையோடுதான் அளந்திருக்கிறார்கள். அதே ஆட்களிடமிருந்து வந்ததால் இரண்டு பிழைகளும் பிணைந்தே இருக்கும். இரண்டு விளைவுகளையும் ஒரே மாதிரியில் வைக்கும் இருமாறி மெட்டா பகுப்பாய்வு இதைவிட நேர்மையானது. ஆனால் அதற்கு ஒவ்வோர் ஆய்வுக்குள்ளும் உள்ள ஒட்டுறவு தெரிய வேண்டும். கட்டுரைகள் அதைத் தருவது அபூர்வம்.

சில சமயம் அதை நாமே மீட்டெடுக்கலாம். ரத்த அழுத்தத்தை எடுத்துக்கொள்வோம். மேல் அழுத்தத்திலிருந்து கீழ் அழுத்தத்தைக் கழித்தால் நாடி அழுத்தம். ஒரு கட்டுரை மூன்றின் திட்ட விலக்கங்களையும் 16, 10, 12 என்று தந்திருப்பதாகக் கொள்வோம். முதலிரண்டின் வர்க்கங்களைக் கூட்டினால் 356. அதில் மூன்றாவதன் வர்க்கம் 144-ஐக் கழித்தால் 212. இதை 2×16×10, அதாவது 320-ஆல் வகுத்தால் கெழு சுமார் 0.66. எடைக்கும் சர்க்கரைக்கும் இந்த வழி இல்லை. ஆசிரியர்களுக்கு எழுதிக் கேட்க வேண்டும். கிடைக்காவிட்டால் 0.2, 0.5, 0.8 என்று மாற்றி மாற்றிப் போட்டு முடிவு எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள். ஆய்வுக்குள் உள்ள ஒட்டுறவு தெரியாதபோது பயன்படுத்த ரைலி, தாம்சன், ஏப்ரம்ஸ் 2008-இல் தந்த மாற்று மாதிரியும் உண்டு. அது இருவகை ஒட்டுறவையும் ஒரே எண்ணாக்கிவிடுவதால், சராசரி விளைவுகளுக்கு உதவும்; நம் கேள்விக்கு உதவாது.

ஆய்வுகள் ஐந்தாறுதான் என்றால் இருமாறி மாதிரி தரும் ஆய்வுகளுக்கிடை ஒட்டுறவு அடிக்கடி +1 அல்லது −1 என்ற விளிம்பில் போய் ஒட்டிக்கொள்ளும். அந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஹெட்ஜஸ், டிப்டன், ஜான்சன் 2010-இல் முன்வைத்த வலுவான பரவற்படி மதிப்பீடு, ஆய்வுகள் போதிய எண்ணிக்கையில் இருந்தால், விளைவுகள் பிணைந்திருந்தாலும் திட்டப் பிழைகளைக் காக்கும். ஆனால் ஒட்டுறவின் அளவைச் சொல்லாது.

எடை, சர்க்கரை இரண்டிலும் திட்டம் பலன் தருகிறதா என்பது மட்டுமே கேள்வியானால் தனித்தனிப் பகுப்பாய்வே போதும். சர்க்கரைச் சோதனையை விட்டுவிட்டு எடையை மட்டும் நம்பலாமா என்பது கேள்வியானால், ஒவ்வோர் ஆளின் தரவையும் ஆய்வாளர்களிடம் கேட்டு வாங்குவதே என் தேர்வு. அது மாதக்கணக்கில் இழுக்கும். அதுவரை ஒரகடத்தில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் இரண்டையும் ஒரே நாளில் அளந்து, தொடக்க அளவையும் இறுதி அளவையும் சேர்த்தே பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவிலிருந்து மாற்றங்களின் கெழுவை நேரடியாகக் கணக்கிடலாம்.