பட்டுப்புடவையில் ஓட்டை: யார் செய்த வேலை?



பெட்டியில் வைத்த பட்டுப்புடவையில் ஓட்டை விழுந்தால் "எலி கடிச்சிருச்சு" என்போம். அது கம்பள வண்டின் புழு செய்த வேலையாகவும் இருக்கலாம். பட்டும் கம்பளியும் புரதம். அதுதான் இந்தப் புழுவுக்குச் சாப்பாடு. சுத்தமான பருத்தித் துணியை இது பெரும்பாலும் தொடாது.

அடையாளங்கள்:

1. வண்டு: ஜன்னல் ஓரத்தில் இருக்கும். 2 முதல் 4 மில்லிமீட்டர்தான், உருண்டையானது. பூவின் மகரந்தத்தைத் தின்னும். துணியைத் தின்னாது, ஆனால் துணியில் முட்டையிடும்.

2. புழு: சுமார் 5 மில்லிமீட்டர் நீளம். பழுப்பு நிறம், உடம்பெல்லாம் முடி. இருட்டில் ஒளிஞ்சிருக்கும்.

3. சட்டை: பாம்பு மாதிரி இதுவும் வளர வளரச் சட்டை உரிக்கும். புடவை மடிப்பிலும் பெட்டி மூலையிலும் காய்ந்த உமி போலக் கிடக்கும்.

4. ஓட்டை: இது கடைசி அடையாளம். அதுவரை காத்திருக்கக் கூடாது!

எங்கிருந்து வருகிறது?
காலியான குருவிக்கூடு, செத்த பல்லி, மூலையில் சேர்ந்த தலைமுடி ஆகியவற்றில் இருந்து வரும்.

என்ன செய்யலாம்?
* உடுத்திய புடவையை வியர்வையோடு மடித்து வைக்காதீர்கள்.
* மாதம் ஒரு முறை வெளியே எடுத்து உதறி, நிழலில் உலர்த்தி, மடிப்பை மாற்றி வையுங்கள்.
* பெட்டியையும் நன்றாகத் துடையுங்கள்.
* அந்துருண்டை விஷம். சின்னப் பிள்ளைங்க கைக்கு எட்டக் கூடாது.

ஒரு பட்டுப்புடவை எடுக்க எத்தனை நாள் கூலி சேர்க்கணும்! இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு சேர்ந்து பெட்டியைத் திறந்து பாருங்களேன்.