சலவைத்தூளும் நுரையும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சலவைத்தூளில் அழுக்கு நீக்கும் வேலையைப் பெரும்பாலும் செய்வது நேரியல் ஆல்கைல் பென்சீன் சல்போனேட் என்னும் சேர்மமாகும். இதன் மூலப்பொருள் சென்னை மணலியிலும் தயாராகிறது. இச்சேர்மத்தின் மூலக்கூறில் நீரை விலக்கி எண்ணெயை நாடும் நீண்ட கார்பன் சங்கிலியும், நீரை நாடும் சல்போனேட் முனையும் உள்ளன. இவ்வாறு இருதன்மை கொண்டு, நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருள்களுக்குப் பரப்புச் செயலிகள் என்று பெயர்.

நம்பிக்கை: நுரை மிகுந்தால் வெளுப்பும் மிகும்.

உண்மை: அழுக்கை அகற்றுவது நுரையன்று, பரப்புச் செயலியின் மூலக்கூறுகள் எண்ணெய்த் துளியைச் சூழ்ந்து மிசெல் எனப்படும் நுண்திரளாகி, அதனைத் துணியிலிருந்து பிரித்து நீரில் நிறுத்துவதே சலவையின் அடிப்படை. கடின நீரிலுள்ள கால்சியம் இந்தச் சேர்மத்தின் ஒரு பகுதியை வீழ்படிவாக்கிவிடும் என்பதால், அதைத் தடுக்கச் சோடா உப்பு, சியோலைட் போன்றவை உடன் சேர்க்கப்படுகின்றன. அளவுக்கு மீறிய தூள் வெளுப்பைக் கூட்டாமல், துணியில் தங்கி அலசும் நீரைத்தான் வீணாக்கும்.

நம்பிக்கை: சலவைத்தூளிலுள்ள இந்தச் சேர்மம் நீரில் ஒருபோதும் சிதையாது.

உண்மை: 1950களில் பயன்பட்ட கிளைச்சங்கிலிச் சேர்மங்களைப் பாக்டீரியாக்கள் எளிதில் சிதைக்க இயலாததால், ஐரோப்பிய, அமெரிக்க ஆறுகளில் நுரை மலைபோல் குவிந்தது, ஜெர்மனி 1961இல் சட்டம் இயற்றியது, அமெரிக்கத் தொழில்துறை 1965இல் மேற்சொன்ன நேர்ச்சங்கிலிச் சேர்மத்துக்கு மாறியது. இது ஆக்சிஜன் உள்ள நீரில் விரைவாகச் சிதைகிறது. ஆக்சிஜனற்ற சேற்றில் மிக மெதுவாகவே சிதைகிறது. லிட்டருக்குச் சில மில்லிகிராம் அளவே மீன்களைக் கொல்லப் போதுமானது என்பதால், சுத்திகரிக்காத சலவை நீரைக் குளத்தில் விடுவது தீங்கே.

நம்பிக்கை: சலவைத்தூளைத் தொட்டாலே புற்றுநோய் வரும்.

உண்மை: விலங்குகளில் நிகழ்ந்த ஆய்வுகள் இதற்குச் சான்று தரவில்லை. ஆயினும் இச்சேர்மம் தோலின் இயற்கைக் கொழுப்பைக் கரைப்பதால், நெடுநேரம் கைகளால் துவைப்போருக்கு வறட்சியும் வெடிப்பும் அரிப்பும் உண்டாகலாம். கையுறையும், துவைத்தபின் பூசும் எண்ணெயும் இதற்குப் போதிய காப்பாகும்.

நம்பிக்கை: வீட்டில் சலவைத்திரவம் தயாரிக்க வாங்கும் ‘ஆசிட் ஸ்லரி’யும் சலவைத்தூளைப் போன்றதே.

உண்மை: அது இச்சேர்மத்தின் நடுநிலையாக்கப்படாத வடிவம், தோலையும் கண்ணையும் புண்ணாக்கும் வன்மையான அமிலம். காரத்துடன் சேரும்போது வெப்பமும் வெளிப்படுவதால், கையுறையும் கண்ணாடியும் அணிந்து சிறிது சிறிதாகவே கலக்க வேண்டும். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில், பெயர் எழுதிய கலனில் வைக்க வேண்டும். குளிர்பானப் பாட்டிலில் ஒருபோதும் ஊற்றி வைக்கக் கூடாது.