குமரிமுனையைச் சுற்றிய தோணிகள்

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் செல்லும் தோணி மன்னார் வளைகுடாவைக் கடந்தால் போதும். கொச்சிக்குச் செல்லும் தோணியோ குமரிமுனையைச் சுற்றியாக வேண்டும். பாய்மரக் காலத்தில் தண்டலின் திறம் அம்முனையில்தான் அளக்கப்பட்டது. தோணியின் தலைவரைத் தண்டல் என அழைப்பது இவ்வூர் வழக்கு.

தெற்கு நோக்கிச் செல்கையில் வழியில் எதிர்ப்படுவது மணப்பாடு. கடலுக்குள் நீண்ட குன்றின்மேல் நிற்கும் திருச்சிலுவைக் கோயில் பகலில் தொலைவிலிருந்தே தெரியும். இரவில் கலங்கரை விளக்கம் வழிகாட்டும். எனினும் குன்றை நெருங்கிச் செல்லலாகாது. பாறை நீருக்குள்ளும் தொடர்கிறது. முத்துச்சிப்பிகள் பற்றி வளரும் கடலடிப் பாறைத்தளத்தை இக்கரையோர் 'பார்' என்பர். ஆழத்தில் செல்வம் தந்த பார், ஆழங்குறைந்த இடத்தில் கலத்தின் அடிமரத்தைப் பிளந்துவிடும்.

குமரிமுனையின் கடுமைக்குக் காரணங்கள் உண்டு. அலைகள் ஆழம் குறைந்த பக்கம் வளையும் இயல்புடையவை. ஆகவே முனையை நோக்கி அவை குவிகின்றன. நிலத்தின் தடை நீங்கிய இடத்தில் காற்றும் வலுக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாயும் மேற்குக் காற்றின் வேகத்தை அங்குள்ள காற்றாலைகளே உணர்த்தும். இவற்றினும் முதன்மையானது நீரோட்டம். கடலோடிகள் அதனை 'நீவாடு' என்பர். தென்மேற்குப் பருவத்தில் முனைக்குத் தெற்கே நீவாடு கிழக்கு நோக்கி ஓடும். அப்போது மேற்கே செல்லும் தோணிக்குக் காற்றும் பகை, நீரும் பகை. காற்றுக்கு நேர் எதிராக எந்தப் பாயும் செல்லாது. இடமும் வலமுமாக மாறி மாறிச் சாய்ந்தோடினாலும், முன்னேறிய தொலைவை நீவாடு பறித்துக்கொள்ளும். வாடைக் காலத்திலோ நீவாடு மேற்கே திரும்பும். வடகிழக்குக் காற்று பின்னின்று தள்ளும். அதே முனை, அதே தோணி, திங்கள்தான் வேறு.

கரிகாலனின் முன்னோர் காற்றைப் பயன்கொண்டு கலம் செலுத்தியதை வெண்ணிக்குயத்தியார் புறநானூற்றில் போற்றுகிறார். அதனைக் காற்றை அடக்கிய வீரம் எனக் கொள்வதைவிட, காற்றின் காலமறிந்த அறிவு எனக் கொள்வதே பொருந்தும். கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலான 'பெரிப்ளூஸ்' குமரியையும் முத்துக்குளிக்கும் கொற்கையையும் அடுத்தடுத்துக் குறிப்பிடுவதால், இக்கடல்வழியின் பழைமை விளங்கும்.

உலகின் பிற துறைகளில் பாய்மர வணிகம் பெரும்பாலும் மறைந்த பின்னும் தூத்துக்குடித் தோணிகள் பாய்விரித்தே ஓடின. 1980களில் அவற்றிலும் பொறி புகுந்தது. முகில் நிறமும் அலையின் சாய்வும் கண்டு புறப்படும் நாளைக் குறித்த பட்டறிவு, ஏட்டில் ஏறாமல் தண்டல்களின் நினைவிலேயே தங்கிற்று. அவர்களுள் எஞ்சியோரும் இன்று முதியோர். அவர்கள் சொல்லக் கேட்டு எழுதிவைக்கும் பணி காலத்தோடு போட்டியிடுகிறது.

பொறி வந்த பின்னும், தென்மேற்குப் பருவத்தின் கடுமையான திங்கள்களில் தோணிகள் பழைய துறைமுகத்தில் ஒதுங்கி நிற்கின்றன. அந்நாள்களில் ஓடாவிகள் பலகை இடுக்குகளில் பஞ்சுத்திரி அடைத்து, அடுத்த பயணத்திற்கு அவற்றை ஆயத்தம் செய்கின்றனர்.