மருந்தே நஞ்சாகாமல்

நுழையும்முன்

நோயைத் தீர்க்கப் பயன்பட்ட பொருளே, முறையாக அகற்றப்படாதபோது புதிய நோய்க்கு வித்தாகிறது. ஊசியின் பணி நோயாளியின் உடலில் மருந்தைச் செலுத்தியதும் முடிந்துவிடுகிறது. ஊசியால் விளையும் இடரோ அப்போதுதான் தொடங்குகிறது. அவ்விடரையும் அதனைத் தடுக்கும் வழிகளையும் மலையும் ஆறும் சூழ்ந்த ஒரு நிலத்தின் பின்னணியில் இப்பாடம் விளக்குகிறது.

மலைச்சரிவும் நீர்வழியும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், தேனி மாவட்டத்தில் அமைந்த நகரம் போடிநாயக்கனூர். ஏலக்காய் வணிகத்தால் பெயர்பெற்ற இந்நகரிலிருந்து தோட்டத் தொழிலாளர் விடியற்காலையில் ஜீப்புகளில் ஏறி, போடிமெட்டு வழியாகக் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்வர், மாலையில் திரும்புவர். குரங்கணி மலைப்பகுதியிலிருந்து இறங்கிவரும் கொட்டக்குடி ஆறு வைகையுடன் கலக்கிறது. வைகை நீரோ மதுரை உள்ளிட்ட ஊர்களின் தாகம் தீர்க்கிறது. ஆகவே, மலைச்சரிவில் எறியப்படும் பொருள் அங்கேயே தங்கிவிடுவதில்லை. மழை அதனை ஓடைக்கும், ஓடை ஆற்றுக்கும், ஆறு அணைக்கும் கொண்டுசேர்க்கிறது.

எல்லை கடந்த கழிவு

2024ஆம் ஆண்டு டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்தின் நடுக்கல்லூர், கொடகநல்லூர் முதலிய ஊர்ப்பகுதிகளில் மருத்துவக் கழிவுகள் குவியலாகக் கொட்டப்பட்டிருந்தன. அவற்றுடன் கிடந்த நோயாளர் பதிவுத்தாள்கள், அக்கழிவுகள் திருவனந்தபுரத்திலிருந்து வந்தவை என்பதைக் காட்டிக்கொடுத்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, அவற்றைக் கேரள அரசே அகற்றவேண்டும் எனப் பணித்தது. அதன்படி அம்மாதம் 22ஆம் நாள் கழிவுகள் சரக்குந்துகளில் ஏற்றித் திருப்பியனுப்பப்பட்டன. கழிவை உண்டாக்குவோரே அதற்குப் பொறுப்பு என்னும் நெறியை இந்நிகழ்வு உணர்த்தியது. 2025ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு 1982ஆம் ஆண்டின் தடுப்புக்காவல் சட்டத்தைத் திருத்தி, மருத்துவக் கழிவைச் சட்டத்திற்குப் புறம்பாகக் கொட்டுவோரையும் அதன் வரம்பிற்குள் கொண்டுவந்தது.

குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மூன்று மலைவழிகள் தேனி மாவட்டத்தைக் கேரளத்துடன் இணைக்கின்றன. ஆதலால், திருநெல்வேலி கற்பித்த பாடம் இம்மாவட்டத்திற்கும் உரியதே.

நான்கு நிறங்கள்

மருத்துவமனைக் கழிவுகளில் ஏறத்தாழ 85 விழுக்காடு வீட்டுக்குப்பையைப் போன்றவை. எஞ்சிய 15 விழுக்காடே தீங்கானவை என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. ஆனால், இரண்டும் கலந்துவிட்டால் முழுக்குவியலும் தீங்கானதாகிவிடும். எனவே, கழிவு தோன்றும் இடத்திலேயே அதனைப் பிரிப்பது இன்றியமையாதது. 2016ஆம் ஆண்டின் உயிரிமருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் இதற்கென நான்கு நிறங்களை வகுத்துள்ளன.

மஞ்சள்: உடற்பகுதிகள், குருதி படிந்த பஞ்சு, காலாவதியான மருந்துகள்.
சிவப்பு: குழாய்கள், கையுறைகள் போன்ற நோய்த்தொற்றுள்ள நெகிழிப் பொருள்கள்.
வெள்ளை: ஊசிகள், கத்திகள் முதலிய கூர்ப்பொருள்கள். இவற்றுக்குத் துளைபடாத கலன் வேண்டும்.
நீலம்: கண்ணாடிக் குப்பிகள், உடலில் பொருத்தும் உலோகப் பொருள்கள்.

நோய்த்தொற்றுள்ள கழிவைப் பதப்படுத்தாமல் 48 மணி நேரத்திற்குமேல் வைத்திருத்தல் கூடாது. பைகளில் பட்டைக்குறியீடு இருத்தல் வேண்டும். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் மஞ்சள் பைகள் உயர்வெப்பத்தில் எரிக்கப்படுகின்றன. நெகிழிப் பொருள்கள் அழுத்த நீராவியால் கிருமிநீக்கம் செய்யப்பட்டு, பின்னர்த் துண்டாக்கப்படுகின்றன. துண்டாக்காமல் விட்டால் அவை மீண்டும் சந்தைக்கு வந்துவிடக்கூடும்.

தெரிந்து தெளிவோம்
2009ஆம் ஆண்டு குசராத்தின் மொடாசா பகுதியில் பரவிய கல்லீரல் அழற்சி நோயால் பலர் இறந்தனர். ஒருமுறை பயன்படுத்திய ஊசிகளை மீண்டும் பயன்படுத்தியதே அதற்குக் காரணமாகச் சுட்டப்பட்டது.

குத்தும் முனை

கலந்து கட்டிய குப்பைப்பையை முதலில் தொடுபவர் தூய்மைப் பணியாளர். நோயாளி ஒருவருக்குப் போடப்பட்ட ஊசி அவர் விரலில் குத்தினால், ஹெபடைடிஸ் பி, சி, எய்ட்ஸ் ஆகிய நோய்களின் நச்சுயிரிகள் அவர் உடலில் புகக்கூடும். நச்சுயிரி உள்ள ஊசி ஒருமுறை குத்தினாலே, தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்பு 30 விழுக்காடு வரை உண்டு. அதனாலேயே, மருத்துவக் கழிவைக் கையாள்வோர்க்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடவேண்டும் என்கின்றன விதிகள். கையுறையும் காலணியும் அவருக்குரிய உரிமை, சலுகை அல்ல.

வீட்டின் பங்கு

மருத்துவக் கழிவு மருத்துவமனையில் மட்டும் தோன்றுவதன்று. இன்சுலின் ஊசி, மீந்த மாத்திரை, பாதி தீர்ந்த மருந்துக்குப்பி ஆகியன இல்லந்தோறும் உள்ளன. கழிநீரில் கொட்டப்படும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து நீர்நிலையைச் சேர்ந்து, அம்மருந்துக்குக் கட்டுப்படாத நுண்ணுயிரிகள் பெருக இடமளிக்கிறது.

காலாவதியான மருந்து, பயன்படுத்திய ஊசி, பூச்சிக்கொல்லிக் கலன் ஆகிய மூன்றையும் 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டுத் தீங்குக்கழிவு என ஒரே வகையில் அடக்கின. ஏலத்தோட்டங்களில் பூச்சிமருந்து தெளிக்கும் மலைநாட்டிற்கு இவ்வகைப்பாடு மிகவும் பொருந்தும். வெற்று மருந்துக் கலனில் குடிநீர் பிடிப்பதும், அதனை ஓடையில் கழுவுவதும் உயிருக்கு ஊறு விளைவிக்கும். ஊசியைத் துளைபடாத மூடிய பெட்டியில் இட்டு, அடையாளம் எழுதித் தனியே ஒப்படைத்தல் வேண்டும்.

மேட்டில் வாழ்வோர் எறிவதைத் தாழ்வில் வாழ்வோர் பருகுகின்றனர். ஒரு வீட்டில் பிரித்து வைக்கப்படும் ஓர் ஊசி, முகமறியாத பணியாளர் ஒருவரின் விரலைக் காக்கிறது. மருந்து உண்ணும் முறையைப் போலவே அதனை அகற்றும் முறையையும் அறிந்து நடப்பதே நலவாழ்வின் நிறைவாகும்.

கற்பவை கற்றபின்

1. உம் வீட்டிலுள்ள காலாவதியான மருந்துகளைக் கணக்கிட்டுப் பட்டியலிடுக.
2. உம் ஊரின் நீர்வழியை வரைந்து, அதன் கரையில் கழிவு சேரும் இடங்களைக் குறித்துக் காட்டுக.
3. ‘கழிவை உண்டாக்குவோரே அதற்குப் பொறுப்பு’ என்னும் நெறி குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.