இரண்டு மடங்கு வலுவாம்!

“ஃபைபர் கம்பி இரும்பைவிட இரண்டு மடங்கு வலு சார். 12 எம்.எம். இரும்புக்குப் பதிலா 8 எம்.எம். ஃபைபர் போதும்.” திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் லாட்ஜ் கட்டுகிற யாரைக் கேட்டாலும் இதே பாட்டு. காது புளித்துவிட்டது.

அறுந்துபோகும் வரை தாங்கும் கணக்கில் ரெசினில் இறுக்கிய கண்ணாடி இழையாலான இந்த ஃபைபர் கம்பி இரும்பை மிஞ்சும், மறுக்கவில்லை. ஆனால் கம்பி அறுவதற்கு வெகுமுன்பே ரூஃப் தொய்யும், வெடிப்பு விடும். அதைத் தடுப்பது விறைப்பு. விறைப்பின் அளவான யங் குணகம் இரும்புக்கு 200 ஜிகாபாஸ்கல். ஃபைபருக்குச் சுமார் 50. கால் பங்கு! போதாக்குறைக்கு 12-ஐ 8 ஆக்கினால் குறுக்குப் பரப்பும் பாதிக்குக் கீழே போகிறது. இரண்டையும் பெருக்குங்கள்: அதே இழுவைக்கு ஒன்பது மடங்கு நீளும். இந்தப் பெருக்கலைப் போடாதவர்கள் டன்னுக்கு எவ்வளவு மிச்சம் என்பதை மட்டும் துல்லியமாகச் சொல்கிறார்கள்.

பாரம் மிஞ்சினால் இரும்பு இளகி நீளும். கூரை தொங்கி எச்சரிக்கும். ஃபைபர் இளகாது, பட்டென அறும். தண்ணீர்த் தொட்டி போல எந்நேரமும் உட்கார்ந்திருக்கும் பாரத்துக்கு, ஃபைபரின் இழுவலுவில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாதே என்கிறது அமெரிக்கக் கான்கிரீட் கழகத்தின் 2015 வழிகாட்டி. இரண்டு மடங்கு எங்கே போயிற்று?

சைட்டிலேயே வளைக்கலாம் என்பதும் பொய். இறுகிய ரெசின் வளையாது, ரிங் ஆலையிலிருந்தே வளைந்து வரவேண்டும். பாக்கெட் இழையைக் கலவையில் கொட்டினால் கம்பியே வேண்டாம் என்பவரிடம் பேசிப் பயனில்லை. “எல்லாம் பிளாஸ்டிக் மோசடி” என்பதும் தவறு. ஐ.எஸ். 18256 என்ற இந்தியத் தரம் 2023-இல் வந்தாயிற்று. முறையாக வடிவமைத்தால் உப்புக்காற்று தின்னும் கடலோரப் பாலங்களுக்கு நல்ல பொருள்.

திருவண்ணாமலைக்குக் கடல் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். இங்கே கம்பி துருப்பிடிப்பது கவர் பிளாக் வைக்காததால், ஒழுங்காக நீராற்றாததால், உப்புக் கரிக்கும் போர்த் தண்ணீரால். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடு வரைதான் ஐ.எஸ். 456 அனுமதிக்கிறது. யார் சோதிக்கிறார்கள்?

கம்பி எதுவானால் என்ன, மாடிக்கு எவ்வளவு பாரம் கணக்கிட்டீர்கள்? ஆள் ஏறும் மொட்டை மாடிக்கு ஐ.எஸ். 875 சொல்வது சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. கார்த்திகை தீபத்தன்று தோளோடு தோள் இடித்து நிற்கும் கூட்டத்துக்கு, நிலையாகப் பொருத்திய இருக்கையில்லாத மண்டபங்களுக்குரிய 500 கிலோ கணக்கே சரி. தீபம் பார்க்க மாடியில் இடம் விற்பவர்களிடம் அந்தக் கணக்குத் தாளை மாவட்ட நிர்வாகம் கேட்டு வாங்கட்டும்.