நிறம் பார்க்கும் கண்கள்

வேதபகுதிகள்: 1 சாமுவேல் 16:1-13, உன்னதப்பாட்டு 1:5-6, 1 பேதுரு 3:3-4

எமது கிராமங்களில் கலியாணப் பேச்சு ஆரம்பித்தால், பிள்ளையின் படிப்பு, குணம் என்பவற்றுக்கு முன்னரே “என்ன நிறம்?” என்ற கேள்வி வந்துவிடுகிறது. வெள்ளை, பொதுநிறம், கறுப்பு என்று பிரித்து, கறுப்பென்றால் சீதனத்தைக் கூட்டிக் கேட்பவர்களும் உண்டு. ஞாயிறுதோறும் ஆலயம் செல்லும் நாமும் இதற்கு விதிவிலக்கல்ல.

கடவுள் பார்ப்பது எதை?

ஈசாயின் மூத்த மகன் எலியாபின் உயரத்தையும் தோற்றத்தையும் கண்ட சாமுவேல், இவனே அரசன் என்று எண்ணினார். மனிதர் முகத்தைப் பார்க்கின்றனர், கடவுளோ இருதயத்தைப் பார்க்கிறார் என்று அவருக்கு உணர்த்தப்பட்டது. ஏழு பிள்ளைகள் கடந்துபோன பின்னரே, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இளையவன் அழைக்கப்பட்டான். தாவீதும் அழகானவன் என்றே வேதம் கூறுகிறது. ஆகவே அழகைக் கடவுள் வெறுக்கவில்லை. அதைக்கொண்டு ஒருவரை அளக்கவில்லை.

வெயிலில் கறுத்த பெண்

உன்னதப்பாட்டில் வரும் பெண் தன் கறுப்பு நிறத்தின் காரணத்தைத் தானே கூறுகிறாள். சகோதரர்கள் அவளைத் திராட்சைத் தோட்டங்களுக்குக் காவல் வைத்தார்கள்; வெயில் அவளைக் கறுக்கச் செய்தது. வெங்காயம் நடுபவளும், வயலில் களை பிடுங்குபவளும், மலையகத்தில் கொழுந்து பறிப்பவளும் அவளுடைய சகோதரிகளே. அவள் தன்னைக் கறுப்பி என்றும் அழகி என்றும் சொல்கிறாள். இவ்விரண்டையும் இணைக்கும் எபிரேயச் சொல்லை “ஆனாலும்” என்றும் வாசிக்கலாம், “உம்” என்றும் வாசிக்கலாம். கறுப்பானாலும் அழகியா? கறுப்பும் அழகும் உடையவளா? நாம் எப்படி வாசிக்கிறோம் என்பதில் எமது மனம் வெளிப்படுகிறது.

கிறீமின் விலை

நிறத்தை வெளுக்கச் செய்யும் என விற்கப்படும் சில கிறீம்களிலும் சவர்க்காரங்களிலும் பாதரசம் சேர்க்கப்படுகிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைப் பாதரசம் தடுக்கிறது. மெலனினோ சூரியக் கதிர்களிலிருந்து தோலைக் காக்கும் குடை. தோலினூடாக உட்செல்லும் பாதரசம் சிறுநீரகங்களைப் பாதிக்கும். தடிப்பு, தழும்பு, நரம்புக் கோளாறு, மனச்சோர்வு என்பனவும் ஏற்படலாம். கழுவிய நீருடன் கலந்து நீர்நிலைகளையும் மீன்களையும் சென்றடையும். வேறு சில கிறீம்களில் உள்ள வலிமையான ஸ்டெரொயிட் மருந்துகள் தோலை மெலியச் செய்கின்றன.

2017இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை, பத்து இலட்சத்தில் ஒரு பங்கிற்கு மேல் பாதரசம் கொண்ட அழகுசாதனங்களை 2020உடன் நிறுத்தக் கோரியது. பாதரசம் சேர்த்த எல்லா அழகுசாதனங்களையும் 2025உடன் நிறுத்த 2023இல் தீர்மானிக்கப்பட்டது. ஆயினும் கேட்பவர் இருக்கும்வரை கள்ளமாக விற்பவரும் இருப்பர். உள்ளடக்கம் குறிப்பிடப்படாத பொருளை வாங்காதிருப்போம். “மேர்கியூரி”, “கலோமெல்” என்ற பெயர்கள் காணப்பட்டால் உடனே தவிர்ப்போம்.

உள்ளத்தின் அழகு

பின்னல், பொன், உடை என்பவற்றைவிடச் சாந்தமும் அமைதியுமுள்ள உள்ளமே கடவுளின் பார்வையில் விலையேறப்பெற்றது என்கிறார் பேதுரு. தலைவாரக் கூடாது, நல்ல சேலை உடுத்தக் கூடாது என்று அவர் சட்டம் போடவில்லை.

இங்கே நாம் கவனமாயிருத்தல் வேண்டும். “நிறம் கொஞ்சம் மட்டு, ஆனாலும் குணம் தங்கம்” என்று நல்லெண்ணத்துடன் சொல்கிறோம். அந்த “ஆனாலும்” அப்பிள்ளையின் தோலைக் குறையாகவே தீர்ப்பிட்டு விடுகிறது. உள்ளழகு, நிறம் குறைந்தவர்க்கு நாம் கொடுக்கும் ஆறுதல் பரிசாகிவிடக் கூடாது. வெள்ளையான பிள்ளையிடமும் கறுத்த பிள்ளையிடமும், பெண்ணிடமும் ஆணிடமும் கடவுள் தேடுவது ஒன்றையே. இதில் முதலில் மாறவேண்டியது பார்க்கும் கண்களே.

கலந்துரையாடுவதற்கு

1. எமது வீட்டில் பிள்ளைகளின் நிறத்தைக் குறித்து என்ன பட்டப்பெயர்கள் வழங்குகின்றன? அவற்றை நிறுத்துவது எப்படி?
2. ஆலய விழாக்களில் முன்வரிசைக்கும் நாடகங்களுக்கும் பிள்ளைகளைத் தெரிவு செய்யும்போது எதைப் பார்க்கிறோம்? (யாக்கோபு 2:1-4)
3. கலியாணப் பேச்சில் நிறத்தைக் கேட்பதில்லை என்று எமது மாதர் சங்கமும் வாலிபர் சங்கமும் தீர்மானிக்க முடியுமா?
4. எமது ஊர்க் கடைகளில் விற்கப்படும் கிறீம்களின் உள்ளடக்கத்தை, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் உதவியுடன் வாசித்தறிவோமா?