பங்கில் விடுபட்டவர் யார்?



எருசலேம் திருச்சபையின் அன்றாட உணவுப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் விடுபட்டனர் (அப். பணி 6). அப்போஸ்தலர் அம்முறைப்பாட்டைத் தட்டிக்கழிக்கவில்லை. அதனைக் கவனிக்க எழுவரை நியமித்தனர். உணவு இருந்தால் மட்டும் போதாது, உரியவரைச் சேரவேண்டும்.

நம் நாட்டில் 1973ஆம் ஆண்டு தொடங்கிய திரிபோஷா திட்டத்தைப் பாருங்கள். சோளமும் சோயாவும் உயிர்ச்சத்துக்களும் சேர்ந்த இம்மா, கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் எடை குறைந்த குழந்தைகளுக்கும் இலவசமாக வழங்கப்படுவது. ஆனால் வறிய வீட்டில் ஒரு பொதியை எல்லோரும் பகிர்வதால், குழந்தைக்குரிய அளவு குறைந்துவிடுகிறது என ஆய்வுகள் கண்டன. இதற்காக அத்தாயைக் குறைகூறலாகாது. பசித்த மூத்த பிள்ளை பார்த்திருக்க, இளையதற்கு மட்டும் ஊட்ட எந்தத் தாயால் முடியும்?

ஆகவே, கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ நம் அயலில் அத்தகைய வீடு இருப்பின், அரிசியும் பருப்பும் கொடுத்துதவுவோம். மற்றவர் வயிறும் நிறைந்தால்தான் குழந்தையின் பங்கு குழந்தைக்கே சேரும்.